சூரனா, சகுனியா, தொலைதூர இருளா: உங்கள் தொடருக்கு எந்த வில்லன்?

மிகுபுனைவுத் தொடர் எழுதத் தொடங்கும் இளையவர்கள் பலர் நாலாம் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். நாட்டுக்கு வரைபடம் கீறியாயிற்று. வில்லனுக்குப் பெயர், கறுப்புக் கோட்டை, பத்தாயிரம் பேர் கொண்ட படை எல்லாம் கொடுத்தாயிற்று. வாசித்த சிநேகிதர் மட்டும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா அவனைக் கண்டு பயம் வரேல்லை" என்கிறார். எழுதியவர் படையை இருபதாயிரம் ஆக்குகிறார். அப்போதும் பயம் வருவதில்லை.

படையின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயத்தைக் கூட்ட முடியாது. வாசகர் நேசிக்கத் தொடங்கிய ஒன்றை வில்லன் பறிக்க வேண்டும், பறித்தது திரும்பி வராமல் இருக்க வேண்டும். எந்த வகை வில்லனைத் தேர்ந்தாலும் இதில் விலக்கில்லை. எதை, எவ்வளவு அருகில் நின்று, எத்தனை தடவை பறிக்கிறான் என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன.

முதலில் அளவுகோல்கள்

ஐப்பசியில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள், யாழ்ப்பாணத்துக் கோயில் வீதியில் சூரன் போர் பார்த்தவர்களுக்கு முதல் அளவுகோலை விளக்கவே தேவையில்லை. சூரனைத் தோளில் தூக்கியவர்கள் உருவத்தை ஆட்டி ஆட்டி முன்னால் ஓடுவார்கள், நிற்பார்கள், சட்டென்று பக்கவாட்டில் திரும்புவார்கள். ஆனைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும், பிறகு சூரனின் முகமே வரும். தகப்பனின் தோளில் இருக்கும் பிள்ளை, சூரன் தன் பக்கம் பாயும்போது தகப்பனின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். முடிவு என்னவென்று அங்கு நிற்கும் எல்லாருக்கும் தெரியும். போன வருஷமும் பார்த்த பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் சூரன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான், அதனால் பயம் வருகிறது. "கடைசியில் நாயகன்தான் வெல்வான் என்று வாசகருக்குத் தெரியுமே, பிறகு எப்படிப் பயப்படுவார்?" என்று கவலைப்படுகிறவர்கள் இந்தப் பிள்ளையின் கையைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே முதல் அளவுகோல் தூரம். வில்லனோ அவன் ஏவிய ஒன்றோ நாயகனின் அன்றாட வாழ்க்கைக்குள் வந்து தொடுகிறதா?

இரண்டாவது பறித்தது. கதை நடக்கும்போதே, நம் கண்முன்னே என்ன போயிற்று? "ஆயிரம் வருஷத்துக்கு முன் மூன்று நாடுகளை அழித்தான்" என்பது வரலாற்றுப் பாடம். அதில் வாசகருக்கு எந்த நட்டமும் இல்லை.

மூன்றாவது வெற்றிக் கணக்கு. வில்லன் எத்தனை தடவை வென்றான், எத்தனை தடவை தோற்றான்? நாற்பது அத்தியாயத் தொடர் ஒன்றில் முதற் பதினைந்துக்குள் அவன் மூன்று தடவையாவது முழுமையாக வெல்ல வேண்டும், ஒரு தடவைக்கு மேல் தோற்கக் கூடாது என்பது என் கணக்கு.

நான்காவது தேய்மானம். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் நாயகன் வென்றே ஆகவேண்டிய நெடுந்தொடரில் இந்த வில்லன் எத்தனை பாகம் தாங்குவான்? புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை.

1. தொலைவில் இருக்கும் இருள்

இந்த வகைக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் சௌரோன். லோர்ட் ஒஃப் த றிங்ஸ் 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதில் சௌரோன் நாயகர்களுக்கு முன்னால் நேரில் வந்து நிற்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. இதைப் பார்த்துவிட்டு, "வில்லனைக் காட்டாமலே பயம் வரவழைக்கலாம்" என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அவர்கள் கோபுரத்தை மட்டும் இரவல் வாங்குகிறார்கள், அதைத் தாங்கும் தூண்களை விட்டுவிடுகிறார்கள்.

தூண்கள் இரண்டு. சௌரோன் ஏவிய கறுப்புக் குதிரைக்காரர் கதையின் தொடக்கத்திலேயே நாயகர்களின் சொந்த ஊருக்கு வந்துவிடுகிறார்கள். ஒருவன் பாதையோரத்தில் குதிரையை நிறுத்தி மோப்பம் பிடிக்கிறான், இவர்கள் அருகிலேயே ஒளிந்திருக்கிறார்கள். அந்த மோப்பம் பத்தாயிரம் படைக்குச் சமம். மற்றத் தூண் மோதிரம். எதிரியின் பலம் நாயகனின் சட்டைப்பையில் இருக்கிறது, நல்லவர்களை ஒவ்வொருவராகக் கெடுக்கிறது. கடைசியில், எரிமலையின் விளிம்பில், நாயகன் ஃபுரோடோவே மோதிரத்தைத் தனக்கென்று கோருகிறான். எதிரி எங்கோ இருக்கிறான் என்றாலும் தூரம் பூச்சியம்.

இந்த வகையில் மறைந்திருக்கும் செலவு இதுதான்: வில்லனை எழுதும் வேலை மிச்சம் என்று நினைத்து இறங்குகிறவர் ஏவலாள், பொருள், சபலம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டிவரும். அவற்றை எழுதாவிட்டால் தாடி வைத்த பெரியவர் ஒருவர் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வந்து "இருள் எழுகிறது" என்று எச்சரிப்பதோடு கதை நிற்கும்.

தேய்மானமும் உண்டு. வீல் ஒஃப் டைம் 1990 முதல் 2013 வரை பதினான்கு பாகங்கள் ஓடிய பெருந்தொடர். அதன் முதல் மூன்று பாகங்களின் முடிவிலும் நாயகன் ஒரே எதிரியோடுதான் மோதுகிறான், மூன்று தடவையும் வெல்கிறான். பிறகு செத்த எதிரிகள் சிலர் புது உடலில் திரும்பி வருகிறார்கள். அந்தத் தொடருக்கு வேறு பெருமைகள் நிறைய உண்டு. ஆனால் ஒரு முறை தோற்றவன் மறுபடி வரும்போது பயம் பாதியாகிறது. செத்தவன் திரும்பி வரும்போது, இனி எவர் செத்தாலும் வாசகர் தோளைக் குலுக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்.

2. வரம் பெற்ற அசுரன்

இது நம் வீட்டுச் சொத்து. கோயிலில் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் சொல்ல, நாட்கணக்கில் கந்தபுராணம் கேட்டு வளர்ந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் இருந்து எழுதுகிறவர் சூரபன்மனை விட்டுவிட்டு இறக்குமதி இருளைத் தேடுவது எனக்குப் பெரிய மனவருத்தம்.

108 யுகங்கள், 1008 அண்டங்கள் என்று அவன் ஆட்சிக்குச் சொல்லப்படும் எண்கள் பெரியவைதான். ஆனால் பயம் எண்களில் இருந்து வருவதில்லை. தேவர்களைக் கடலுக்கு அனுப்பி மீன் சுமக்க வைக்கிறானே, அந்த இடத்தில் வருகிறது. அமுதம் உண்டவர்கள் மீன்கூடை சுமக்கிறார்கள். அவர்களை அவன் கொல்லவில்லை, நாளாந்தம் குனிய வைக்கிறான். அடுத்தது சயந்தன் சிறை. இந்திரன் மனைவியோடு ஒளிந்திருக்க, மகன் சயந்தன் சூரனின் சிறையில் கிடக்கிறான். அவன் புலம்பலுக்கே ஒரு படலம் ஒதுக்கியிருக்கிறார் கச்சியப்பர். வீரவாகு முருகனின் தூதராகப் போகும்போது சூரனின் சபைக்கு முன் அந்தச் சிறைக்குப் போகிறார். போருக்கு முன் வாசகரைச் சிறைக்குள் கூட்டிப்போய்க் காட்டிவிடு என்பது அந்த வரிசையில் இருக்கும் பாடம். யுத்த காண்டத்தில் வேல் வீசப்படும்போது அந்தச் சிறைக் கதவு நம் நினைவில் இருக்கும்.

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. பெரிய வில்லன் சும்மா இருக்க, மகன் வென்று காட்டுகிறான். பானுகோபன் மாயைப் படையை ஏவி வீரவாகுவையும் உடன் நின்றவர்களையும் உணர்விழக்கச் செய்து கடலில் கொண்டுபோய்ப் போடுகிறான். வேல் போய்த்தான் அவர்களை மீட்கிறது. கம்பனிலும் இதே அமைப்புத்தான். முதல் நாட் போரிலேயே இராவணன் எல்லாம் இழந்து, "இன்று போய் நாளை வா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புகிறான். அந்தக் கணத்தில் அவன்மேல் நமக்குப் பயம் குறைகிறது, இரக்கம் ஏறுகிறது. பயத்தைத் தூக்கிச் சுமக்கும் வேலை இந்திரசித்திடம் போகிறது. நாகபாசத்தால் இலக்குவனைக் கட்டுகிறான், பிறகு பிரமாத்திரத்தால் வீழ்த்துகிறான். இரண்டு தடவையும் அவனே வெல்கிறான். தலைமை வில்லன் தேயாமல் இருக்க வேண்டுமென்றால் வெல்லத் தெரிந்த இரண்டாம் ஆள் ஒருவன் வேண்டும், அவன் செத்தால் செத்ததாகவே இருக்கவும் வேண்டும்.

இந்த வகையின் பொறி வரத்திலேயே இருக்கிறது. "பகலிலும் சாகான், இரவிலும் சாகான், வீட்டுக்குள்ளும் சாகான், வெளியிலும் சாகான்" என்று எழுதிய உடனேயே வாசகர் பயப்படுவதை விட்டுவிட்டு விடை தேடத் தொடங்குவார். அந்தி வேளையும் வாசற்படியும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வரம் ஒரு பூட்டு, பூட்டைக் கண்டவர் திறப்பைத்தான் யோசிப்பார். ஆகவே வரத்தின் விபரத்தைத் தாமதமாகச் சொல்லுங்கள். அதற்கு முன் மீன்கூடையையும் சிறையையும் காட்டிவிடுங்கள்.

3. உறவுக்குள் இருக்கும் பகைவன்

சகுனிக்கு மந்திரம் இல்லை, வரம் இல்லை. இருந்தாலும் சூதாட்ட மண்டபக் காட்சியில் வரும் நெஞ்சிடி எந்த அசுரன் வரும்போதும் வருவதில்லை. காரணம் அந்த அறையில் இருப்பவர்கள். பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார். விதுரனும் விகர்ணனும் பேசுகிறார்கள், அவர்கள் பேச்சு எடுபடவில்லை. காப்பாற்ற வேண்டியவர்கள் எல்லாரும் இருந்தும் காப்பாற்ற எவரும் இல்லை. வில்லனின் பலம் முழுவதும் மற்றவர்களின் மௌனத்தில் இருந்து வருகிறது. நாயகன் எவ்வளவு பலசாலியானாலும் அதனோடு வாள் சுழற்ற முடியாது.

இந்த வகைப் பயத்தை யாழ்ப்பாணத்து வாசகருக்குப் புரியவைக்க ஒரு வேலி போதும். மழைக்குப் பிறகு வேலி அடைக்கும்போது கதியால் ஒரு சாண் இங்கால் தள்ளி ஊன்றப்பட்டிருக்கிறது. காலையில் அதைப் பார்க்கிறவருக்கு வயிற்றில் ஒரு கல் விழும். ஊன்றியவர் பெரியப்பாவின் மகன். கிணறு பங்குக் கிணறு, நாளைக்கும் அதே துலாவடியில் முகம் பார்க்க வேண்டும். ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்று துரியோதனன் சொல்வதை நம் ஊரில் எவரும் புராணப் பேச்சாக மட்டும் கேட்பதில்லை.

மிகுபுனைவில் இந்த வகையைப் போடுகிறவர் கொடுக்க வேண்டிய விலை நேரம். பகைவன் உறவாக உணரப்பட்டால்தான் துரோகம் சுடும். அதற்கு அவன் நாயகனோடு சாப்பிட்டு, சிரித்து, ஒரு உண்மையான உதவியும் செய்திருக்க வேண்டும். குறைந்தது மூன்று அத்தியாயம் இதற்கென்று போகும். பறவைநாகமும் மாயக் கோட்டையும் எதிர்பார்த்து வந்த வாசகர் அந்த மூன்றுக்குள் போய்விடக்கூடும். அவசரப்பட்டு முதற் காட்சியிலேயே அவனுக்குக் கோணல் சிரிப்பும் தாழ்ந்த பார்வையும் கொடுத்துவிட்டால் வாசகர் உடனே ஆளை அடையாளம் கண்டுகொள்வார், பிறகு நாயகன் அவனை நம்பும் ஒவ்வொரு இடத்திலும் நாயகனை முட்டாள் என்று ஏசுவார். வில்லன் கெட்டிக்காரனாகத் தெரிய வேண்டிய இடத்தில் நாயகன் மடையனாகத் தெரிவது, நான் வாசிக்கும் கையெழுத்துப் பிரதிகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை.

தேய்மானம் இதில்தான் மிகக் குறைவு. வனவாசம் பன்னிரண்டு வருஷம், அஞ்ஞாதவாசம் ஒரு வருஷம் போன பிறகும் துரியோதனன் மேலுள்ள பயம் குறையவில்லை. பறித்த நாட்டை அவன் அதுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

4. சட்டமும் முத்திரையும் கையில் உள்ளவர்

ஹரி பொட்டர் ஏழு பாகங்களிலும் தலைமை வில்லன் வோல்டெமோர்ட். ஆனால் ஐந்தாம் பாகத்தில் வரும் அம்பிரிட்ஜ் என்ற ஆசிரியையை அவனைவிட அதிகம் வெறுக்கும் வாசகர்கள் ஏராளம். அவள் கொலைகாரியல்ல. ஒரு பேனையைக் கொடுத்து, "நான் பொய் சொல்லக் கூடாது" என்று எழுதச் சொல்கிறாள். மை இல்லை. எழுத எழுத அந்தச் சொற்கள் பையனின் புறங்கையில் கீறலாக விழுகின்றன, கடதாசியில் அவன் இரத்தமே எழுத்தாகிறது. அவள் இனிமையாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பயத்தை விளக்க எங்கள் வாசகருக்கு உதாரணம் வேண்டாம். சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபின், எதிரில் நிற்பவர் அதைத் திருப்பித் தரும்வரை போகும் அந்த நேரம் போதும். அவர் ஒன்றும் செய்யவில்லை, அட்டையைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

இந்த வகை சிறிய இடத்தில் பெரிய பயம் தரும். ஆனால் போர்க்களத்தில் முடிக்க முடியாது. அதிகாரியை நாயகன் வாளால் வெட்டினால் அடுத்த நாள் அதே கதிரையில் இன்னொருவர் இருப்பார், அதை வாசகரும் அறிவார். தொடரின் நடுப்பாகத்துக்கு இது நல்ல தெரிவு. முழுத் தொடரையும் இதில் தூக்கி வைத்தால் முடிவில் எதை வீழ்த்துவது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

5. பேசாத பேரழிவு

பனி, கொள்ளைநோய், இறந்தவர் படை. இதற்கு ஆசை இல்லை, பேச்சு இல்லை. கேம் ஒஃப் துரோன்ஸ் நாவல் 1996இல் வந்தபோது அதன் முன்னுரைக் காட்சியிலேயே பனிக்காட்டு எதிரிகள் வந்துவிட்டார்கள். 2011 முதல் ஓடிய தொலைக்காட்சித் தொடரோ, எட்டாம் பருவத்தின் மூன்றாம் பகுதியில், ஒரே இரவில், ஒரே கத்திக்குத்தில் அந்த ஆபத்தை முடித்தது. எட்டு வருஷமாகக் கட்டிய பயம் ஓர் இரவில் கரைந்ததில் பார்த்தவர்கள் பலருக்கு இன்றும் ஆறவில்லை. தொடக்கம் இலகு, முடிவு மிகக் கடினம். தனி வில்லனாக வைக்காதீர்கள், மனிதர்கள் தங்களுக்குள் அடிபடும் கதைக்குப் பின்னணியாக வையுங்கள்.

ஒரே பார்வையில்

| வகை | தூரம் | பறிப்பது | தாங்கும் நீளம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| தொலைதூர இருள் | ஏவலாளும் பொருளும் இருந்தால் மட்டும் கிட்ட | மனஉறுதி, ஊர் | 3 பாகம் வரை | மூன்று துணை அமைப்புகள் எழுத வேண்டும் |
| வரம் பெற்ற அசுரன் | நடு | மானம், விடுதலை | வெல்லும் இரண்டாம் ஆள் இருந்தால் 5 பாகம் | வரம் புதிராகிவிடும் |
| உறவுப் பகைவன் | மிகக் கிட்ட | நம்பிக்கை, நிலம், உறவு | மிக நீளம் | மெதுவான தொடக்கம் |
| முத்திரை உள்ளவர் | மிகக் கிட்ட | உடல், பேச்சு | 1 பாகம் | வீழ்த்த முடியாத முடிவு |
| பேசாத பேரழிவு | தொலைவு | உயிர் | பின்னணியாக எவ்வளவும் | முடிவு சறுக்கும் |

யாருக்கு எது

வாராவாரம் 1500 சொல் என்று தொடராக வெளியிடுகிறவர் உறவுப் பகைவனையும் முத்திரைக்காரரையும் சேர்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு சிறிய பறிப்பைக் காட்ட அவர்களால்தான் முடியும். தொலைதூர இருள் வாரத் தொடரில் மூன்றாம் வாரமே மறக்கப்படும்.

ஒரே நாவலாக 300 பக்கத்துக்குள் முடிக்கிறவருக்குத் தொலைதூர இருள் பொருந்தும், தேய நேரமே இருக்காது. ஏவலாள் முதல் 30 பக்கத்துக்குள் நாயகனின் வீட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும்.

மூன்று பாகத்துக்கு மேல் திட்டமிடுகிறவருக்கு என் தெரிவு வரம் பெற்ற அசுரன்தான். தலைவன், வெல்லும் மகன், தம்பி, தங்கை என்று பயத்தைப் பகிர்ந்து சுமக்க ஒரு குடும்பமே கிடைக்கிறது. இறுதியில் அவனை அழிக்காமல் மாற்றவும் வழி இருக்கிறது. மாமரமாய் நின்றவன் இரண்டாகப் பிளந்து மயிலும் சேவலும் ஆகும் முடிவு உலகக் கதைகளில் அபூர்வமானது. ஆனால் மீன்கூடையும் சிறையும் முன்னால் எழுதப்படாவிட்டால் அந்த மன்னிப்புக்கு எடையே இராது.

ஏற்கனவே பத்து அத்தியாயம் எழுதிவிட்டவருக்கு

எல்லாவற்றையும் கிழிக்க வேண்டாம். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: என்ன பறிபோனது, யாரிடமிருந்து, திரும்பி வந்ததா. பத்து அத்தியாயத்தையும் வாசித்து நிரப்புங்கள். மூன்றாம் நிரலில் "ஓம்" என்பதே அதிகம் என்றால் பிழை வில்லனில் இல்லை. அவன் பறித்ததை எல்லாம் எழுதுகிற நீங்கள்தான் இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

பிறகு ஒன்றைத் தேர்ந்து திரும்பாததாக ஆக்குங்கள். மரணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நாயகியின் வலக்கை, ஊரின் ஒரே நன்னீர்க் கிணறு, தாய் சொல்லித்தந்த பாட்டின் இரண்டாம் அடி, எதுவும் ஆகலாம். இழந்ததை அதன்பின் வரும் ஒவ்வொரு மூன்று அத்தியாயத்துக்கும் ஒரு தடவை, வில்லனின் பெயரைச் சொல்லாமல், ஒரு சின்ன அசௌகரியமாகக் காட்டுங்கள். அவள் இடக்கையால் சோறு குழைக்கத் தெரியாமல் தட்டைத் தள்ளி வைக்கிறாள் என்று ஒரு வரி போதும். வில்லனின் படையைப் பழையபடி பத்தாயிரமாகவே விட்டுவிடலாம்.